தொட்டதா என்று சேவியர் அண்ணன் கேட்டார்

கோல் கீப்பருக்கு வேலை கொஞ்ச நேரம்தான். எழுபது நிமிட ஹாக்கி ஆட்டத்தில் பந்து நம்மிடம் வருவது பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். மற்ற நேரமெல்லாம் நிற்பதுதான். அந்தப் பக்கம் மொத்தக் கூட்டமும் ஓடும், புழுதி எழும்பும், நாம் மட்டும் இந்தப் பக்கம் தனியாக நிற்போம். ஹெல்மெட் கம்பிக்குள்ளிருந்து பார்த்தால், மைதானம் ஜன்னலுக்கு வெளியே போகும் ஊர்வலம் மாதிரி இருக்கும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கிருந்தோ பிஸ்கட் வேகும் வாசனை காற்றில் வரும். மேகம் ஒன்று மெதுவாக வடிவம் மாறும். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. முகம் தெரியாமல் அத்தனை பேருக்கு முன்னால் நிற்க வேறு எந்த வேலையில் முடியும்?

எஸ்டேட்டின் பழைய ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். அதைத் தொகுக்கும் தினேஷ் எங்களுக்குப் பின்னால் வந்த செட்டில் ஆடியவர், இப்போது சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர்தான் போன் செய்தார்.

"காதர்ணா, அந்த அம்பயரு நம்மள ஏமாத்துன மேட்ச் கீது பாருங்க, அத நீங்கதான் எழுதணும்."

"நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன் தினேசு."

"பேசற மாதிரி எழுதுங்கண்ணா. நீங்கதான் பேசவே மாட்டீங்களே, அதான் எழுதச் சொல்றேன்."

கூடவே ஒரு வீடியோ அனுப்பினார். இப்போதெல்லாம் தோற்றுக்கொண்டிருக்கும் அணி, கடைசி நிமிடங்களில் கோல் கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஓடுகிற ஆள் ஒருவரைக் கூடுதலாக இறக்குகிறதாம். அந்த வீடியோவில் கோல் காலியாக இருந்தது. அன்று மத்தியானத் தூக்கத்தில் அந்தக் காலி கோல் வந்தது. ஒரு பந்து ரொம்ப நிதானமாக, இலவம்பஞ்சு உருள்வதுபோல, அதற்குள் உருண்டு போனது. பின்பலகையில் பட்டது. சத்தம் வரவில்லை.

எழுந்து உட்கார்ந்தபோது, இதை எழுதினால் முழுதாகத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதற்கு இரண்டு பேரின் அனுமதி வேண்டியிருந்தது. இரண்டும் கிடைத்த பிறகே எழுதுகிறேன்.

எங்கள் அத்தாவுக்குப் பூந்தமல்லியில் மெத்தை தைக்கும் கடை. ஐந்தாவது முடித்ததும் நான் கடையில் உட்கார்ந்துவிட்டேன். பஞ்சு அடிக்கும்போது கடை முழுவதும் வெள்ளையாக மிதக்கும். வெயில் கோடாக உள்ளே விழும், அதில் பஞ்சு ஏறி இறங்கும். கடைக்குப் பின்னால் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்து மைதானம். அங்கே ஹாக்கி ஆடுகிறவர்களுக்குக் கோலில் நிற்க ஆள் இல்லை. யாரும் விரும்பாத இடம் என்பதால் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. காலுக்குக் கட்ட பேட் வேண்டும் என்று அத்தாவிடம் கேட்டேன்.

"தலைக்கு தலகாணி கேப்பாங்க, முதுகுக்கு மெத்தை கேப்பாங்க. காலுக்கு மெத்தை கேக்கற மொத ஆளு நீதான்டா" என்றார். ஆனாலும் தைத்துக் கொடுத்தார். கெட்டித் துணி, உள்ளே நெருக்கமாக அடைத்த இலவம்பஞ்சு, குறுக்கே மூங்கில் பட்டை. அந்த பேட்டைக் கட்டிக்கொண்டு ஏழெட்டு வருடம் அங்குமிங்கும் ஆடினேன். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. காலையில் வேலை, மூன்று மணிக்கு மேல் பயிற்சி. வேலை தற்காலிகம். அட்டையை வருடா வருடம் புதுப்பிப்பார்கள்.

என்னைப் போட்டது பிரஸ் ஷாப்பில். இரும்புத் தகட்டை அச்சின் மேல் வைத்து இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினால், மேலிருந்து இயந்திரம் இறங்கி ஒரே அடியில் வடிவமாக்கும். அப்படி இருபது இயந்திரம். அங்கே வாயால் பேசுவது வீண். எல்லாம் கையால்தான். முஷ்டி காட்டினால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினால் மெதுவாக. இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளை ஒட்டிக் காட்டினால் "அச்சு தகட்டில் படுகிறதா?" என்று கேள்வி. தலையை ஆட்டி ஆமாம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். தெரியாது என்பதற்குச் சைகை கிடையாது. பிரஸ் ஷாப்பில் தெரியாது என்று ஒரு பதில் இருக்கக் கூடாது.

அங்கே எங்களை மேற்பார்க்கும் சார்ஜ்மேன் சேவியர் அண்ணன். ஹாக்கி அணியின் கேப்டனும் அவர்தான். ஃபுல் பேக், அதாவது எனக்கு நேர் முன்னால் நிற்கிற ஆள். என்னைவிட ஏழு வயது மூத்தவர். அதிர்ந்து பேச மாட்டார். யாராவது தகட்டைக் கோணலாக வைத்தால் திட்ட மாட்டார். பக்கத்தில் வந்து நின்று அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். வைத்தவனுக்கு வியர்த்துவிடும். மைதானத்திலும் அதே கைச் சைகைதான். மற்ற கீப்பர்கள் தொண்டை கிழியக் கத்திப் பின்வரிசையை நகர்த்துவார்கள். எனக்குக் கத்த வராது. நான் மட்டையால் கோல் கம்பத்தை ஒருமுறை தட்டினால் சேவியர் அண்ணன் திரும்புவார், கையால் சொல்வேன், அவர் நகர்வார். "ஊமைக் கூட்டம்" என்று மற்ற கம்பெனி ஆட்கள் எங்களைக் கிண்டல் செய்வார்கள்.

அவருக்கும் எனக்கும் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பந்தயம் உண்டு. நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோலைப் பார்த்து நிற்பேன். பின்னால் அவர் பந்தை அடிப்பார், அல்லது தள்ளுவார், அல்லது ஓடுகிற பந்தை மட்டையால் லேசாகத் தொடுவார். எது என்று சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் டீ என் செலவு. அடி என்றால் 'படார்' என்று இருக்கும். தள்ளினால் துணி உரசுவதுபோல. லேசாகத் தொட்டால் 'டிக்', நகத்தால் பல்லைத் தட்டுகிற மாதிரி. முதல் இரண்டு வருடத்தில் நான் டீ வாங்கியதே இல்லை.

"உனக்கு முதுகுல காது வச்சிகீறாங்கடா" என்பார்.

இந்தச் சத்தம் எதற்கு என்று கேட்கலாம். கோலைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கோடு இருக்கும். 'டி' என்போம். எதிரணி ஆள் அந்தக் கோட்டுக்குள் வைத்துப் பந்தைத் தொட்டிருந்தால்தான் கோல். வெளியிலிருந்து அடித்த பந்து, உள்ளே அவர்கள் யாருடைய மட்டையிலும் படாமல் நேராக வந்து பலகையில் மோதினால் அது கோல் ஆகாது. பந்து நமக்குத்தான். அதைத் தடுக்கப் போனால்தான் ஆபத்து. காலில் பட்டுத் தெறித்து எதிரணிக்காரன் மட்டைக்கே போகும். அப்படிப்பட்ட பந்தை விட்டுவிட வேண்டும். காலைத் தூக்கி, கதவைத் திறந்துவிடுகிற மாதிரி வழி விட வேண்டும். நல்ல கீப்பரா என்பதைத் தடுப்பதில் பார்க்காதே, விடுவதில் பார் என்று சேவியர் அண்ணன் சொல்வார். பலகையில் பந்து 'டம்' என்று மோதும், கூட்டம் கோல் என்று கத்தும், நாம் அசையாமல் நிற்போம். அந்த ஒரு நிமிடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவது வருடம் எங்கள் கடைக்குப் பின்னால் குருவிகள் கத்துவது நின்றுபோனது. குருவிகள் இடம் மாறிவிட்டன என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சு மூட்டையைப் பின்பக்கம் கொண்டுபோனபோது சுவர் மேல் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. அலகைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தொண்டை துடிப்பது தெரிந்தது. சத்தம் இல்லை. மூட்டையை இறக்கி வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கனவுக்குள் நிற்பது போலத்தான் இருந்தது. பயம் அப்புறம்தான் வந்தது.

பந்தயத்தில் தோற்று, சேவியர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் வாரத்துக்கு ஒன்று. பிறகு, வெயிலாக இருக்கிறது, பந்தயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

அந்த வருடம் காது சோதனை செய்யும் வேன் கம்பெனிக்கு வந்தது. ஒரு சின்ன அறை மாதிரி பெட்டி, உள்ளே நாற்காலி. காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள். சத்தம் கேட்கும்போது அமுக்க வேண்டும். சோதனை செய்யும் அம்மா வெளியே உட்கார்ந்து ஒரு கருவியைத் திருப்புவார். தற்காலிக ஆள் அதில் தேறாவிட்டால் அட்டை புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சு இருந்தது. ஹெட்போனை மாட்டியதும் பெரிய சத்தங்கள் கேட்டன. பிறகு ஒன்றுமில்லை. பஞ்சுக் கடையின் வெள்ளை மாதிரி ஒரு அமைதி. அப்போது பெட்டியின் சின்னக் கண்ணாடியில் அந்த அம்மாவின் விரல் தெரிந்தது. சத்தம் அனுப்பும்போதெல்லாம் ஆள்காட்டி விரல் ஒரு நூலளவு இறங்கியது. எதிராளியின் கையைப் பார்த்துப் பந்து எப்போது கிளம்பும் என்று சொல்வதுதான் பத்து வருடமாக என் தொழில். விரல் இறங்கியது, நான் அமுக்கினேன். "உங்க காது ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து அந்த ஆட்டம்.

லீக்கின் கடைசி ஆட்டம். தோற்றால் முதல் பிரிவிலிருந்து இறங்கிவிடுவோம். சமன் செய்தால் போதும், தங்கிவிடலாம். தங்கினால் அணியில் இருக்கும் தற்காலிக ஆட்கள் ஆறு பேரையும் நிரந்தரம் செய்வதாகவும், இறங்கினால் அணியையே கலைத்துவிடுவதாகவும் மேனேஜர் சொல்லியிருந்தார். ஆறு பேரில் நான் ஒருவன். சேவியர் அண்ணன் ஏற்கெனவே நிரந்தரம். அவருக்கு இழக்க ஹாக்கி மட்டும்தான் இருந்தது.

ஆவடிப் பக்கம் ஒரு செம்மண் மைதானம். இரண்டாம் பாதி, சாயங்கால வெயில் என் கண்ணுக்கு நேராக. புழுதி தங்கப்பொடி மாதிரி நின்றது. கோல் எதுவும் விழவில்லை. இன்னும் சில நிமிடங்கள்தான். எதிரணி ஆள் ஒருவர் 'டி' கோட்டுக்கு வெளியே இரண்டடி தள்ளியிருந்து ஓங்கி அடித்தார். 'படார்.' அது கேட்டது. பந்து வருகிறது. நடுவில் அவர்களுடைய ஃபார்வர்டு தனபால் குறுக்கே ஓடி மட்டையை நீட்டினார். அவர் உடம்பும் புழுதியும் மறைத்ததில் மட்டை தெரியவில்லை. நான் காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பந்து ரொம்ப மெதுவாக வருவதுபோல் இருந்தது, அதன் தையல்கூடத் தெரிந்தது. காலைத் தூக்கினேன். வழி விட்டேன்.

'டம்.'

நான் அசையாமல் நின்றேன். அம்பயர் நடுக்கோட்டைக் காட்டி விசில் ஊதினார். கோல்.

சேவியர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். இரண்டு ஆள்காட்டி விரல் நுனிகளையும் ஒட்டிக் காட்டினார். புருவத்தைத் தூக்கினார். தொட்டதா?

நான் தலையை ஆட்டினேன். இல்லை.

அவ்வளவுதான் நான் செய்தது. அவர் அம்பயரிடம் ஓடினார். அம்பயர் தேவராஜ் சார் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். அமைதியான மனிதர்.

"சத்தம் கேட்டுச்சுப்பா. தொட்டான்" என்றார்.

"என் கீப்பரு தொடலன்றான் சார். அவன் காது பொய் சொல்லாது."

"என் காதும் பொய் சொல்லலப்பா."

"இன்னா சார், எத்தினி பேரு பொழப்பு இது, தெரியுமா உனக்கு?"

அதிர்ந்து பேசாத மனிதர் கத்தினார். அம்பயர் கழுத்திலிருந்த விசில் கயிற்றைப் பிடித்தார். கயிறு அறுந்து கையோடு வந்துவிட்டது. மைதானத்தில் எல்லாரும் அப்படியே நின்றார்கள். பிறகு சிவப்பு அட்டை. இரண்டு வருடத் தடை. அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. அதன் பிறகு அவர் மட்டையைத் தொடவில்லை.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் தனபால் என் தோளைத் தட்டினார். "ஒரு நூலுதான் மாமே பட்டுச்சு. டிக்குனு கேட்டுச்சே, நீ ஏன் உட்ட?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்தடி தள்ளி சேவியர் அண்ணன் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடிதான்.

அணியைக் கலைத்தார்கள். ஐந்து பேர் போனார்கள். என்னை மட்டும், "இவன் கை பிரஸ்ல நல்லா ஓடுது சார்" என்று மேனேஜரிடம் சொல்லி சேவியர் அண்ணன் நிறுத்திக்கொண்டார். சில வருடம் கழித்து நிரந்தரமும் ஆனேன். கம்பெனி ஊருக்கு வெளியே இடம் மாறியபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அதற்குள் எஸ்டேட் முழுக்க அந்த ஆட்டம் கதையாகிவிட்டது. அம்பயர் காசு வாங்கிவிட்டார் என்று ஒருவர், எதிரணி ஆளுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர். கல்யாண வீடுகளில் சொல்வார்கள், "காதரு காது தப்பாது" என்று என்னைக் காட்டுவார்கள். நான் பிரியாணியைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

தினேஷ் போன் செய்த மறுநாள் அயனம்பாக்கம் போனேன். சேவியர் அண்ணன் வீட்டு மாடியிலிருந்து ஏரி தெரியும். டிவி அலறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி மேரி அக்கா, "வா காதரு, நீயும் இந்த மனுசனும் பேசுனா தெருவே கேக்கும், ஜன்னல சாத்திட்டு வரேன்" என்றார்.

"ண்ணா, அந்தப் பந்து தொட்டதுதான்."

"எந்தப் பந்து?"

"நம்ம பந்து."

அவர் டிவியை அணைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குருவி, கண்ணாடியில் தெரிந்த விரல், டீக்கடையில் தனபால் சொன்னது. வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை. அவர் என்னைப் பார்க்காமல், கோணலாக வைத்த தகட்டைப் பார்ப்பதுபோல், டீப்பாயின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்தது.

"தனபாலு அன்னிக்கு சாயங்காலமே சொன்னானா?"

"ஆமாண்ணா."

"நான் சைக்கிள்கிட்ட நின்னுகினு இருந்தேனே."

"ஆமாண்ணா."

"காது போச்சு, சரி. அது பிரஸ் ஷாப்பு தின்னுச்சு. வாய் இன்னாத்துக்குடா போச்சு?"

 திறந்திருந்த வாசல் வழியாக ஏரிக் காற்று வந்து திரைச்சீலையைத் தூக்கியது, இறக்கியது. அவர் எழுந்து போய் ஒரு பழைய பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். மஞ்சளாகிப்போன ஒரு தாள். அந்த வேன் சோதனைத் தாள். அவர் பேர் போட்டிருந்தது.

"நான் பெயில்டா. நீ விரலப் பாத்துப் பாஸ் பண்ண, எனக்கு அந்த ஐடியா வரல. நிரந்தர ஆளுன்னு ஒரு ஜோடி காதடைப்பான் குடுத்து கையெழுத்து வாங்கிகினாங்க. கேப்டன் ஆச்சே, யார்கிட்டயும் சொல்லல."

"ண்ணா..."

"எனக்குக் கேட்டிருந்தா உன்ன ஏன்டா கேக்கப்போறேன்? மூணடி தூரத்துல நின்னுகினு இருந்தவன் நான்."

 மேரி அக்கா காபி டம்ளரோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாகீது நியாயம். ரெண்டு செவிடனுங்க சேந்து, காது கேட்ட மனுசனத் திருடன்னு இத்தினி வருசமா சொல்லிகினு இருந்திருக்கீங்க" என்றார். டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் காபியைத் தொடவில்லை. சேவியர் அண்ணன் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மேசை டிராயரைத் திறந்து எதையோ எடுத்துப் பையில் போட்டார்.

தேவராஜ் சார் ஓய்வுக்குப் பிறகு நெமிலிச்சேரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். அம்பத்தூரில் ரயில் ஏறினோம். மத்தியான ரயில், கூட்டமில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆவடி போனது, அந்த மைதானம் இருந்த பக்கம் வீடுகளாக இருந்தது. சேவியர் அண்ணன் பையிலிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அறுந்த கயிற்றோடு அந்த விசில். இத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறார். 

ஸ்டேஷனிலிருந்து விசாரித்து நடந்தோம். பச்சைக் கதவு, பக்கத்தில் அழைப்பு மணி. சேவியர் அண்ணன் தலையைக் கையால் வாரிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். காதுக்குப் பக்கத்தில் விரல்களை விரித்து மூடிக் காட்டினார், புருவத்தைத் தூக்கினார். மணி அடித்ததா?

தலை தானாக அசையப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன். தெரியாது என்பதற்குச் சைகை இல்லையே என்று ஒரு நொடி நின்றேன். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன்னால் விரித்தேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு இன்னொரு தடவை அமுக்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.